விவாகரத்துக்குப் பிறகு பிள்ளையோடு பேசுவதும் கஸ்டடி உத்தரவை மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பநல நீதிமன்றத்தில் பதினோரு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் யாரிடமாவது எண்ணை வாங்கிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பேராவது கூப்பிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். வழக்கு நடக்கும்போது வராத கேள்விகள் தீர்ப்பு நகல் கைக்கு வந்த பிறகு வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை குழந்தையை எங்கே கொண்டுபோய் விடுவது, காய்ச்சல் என்றால் என்ன செய்வது, வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டதே என்று.

அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன். சொல்லியிருப்பது இந்தியச் சட்டமும் தமிழ்நாட்டு நடைமுறையும். உங்கள் வழக்குத் தாள்களைப் படித்துப் பார்த்த வக்கீல் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. கஸ்டடிங்கறாங்க, கார்டியன்ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானா மேடம்?

ஒன்றில்லை. குழந்தை அன்றாடம் யாரோடு இருக்கிறது, யார் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்பது கஸ்டடி. குழந்தையின் சார்பில் முடிவெடுக்கவும் அதன் பெயரில் உள்ள சொத்தைக் கவனிக்கவும் சட்டம் ஏற்றுக்கொள்கிற ஆள் கார்டியன், அதாவது பாதுகாவலர். கஸ்டடி அம்மாவிடம் இருக்கும்போதே அப்பா பாதுகாவலராகத் தொடரலாம். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம் 'அப்பா, அவருக்குப் பிறகு அம்மா' என்று சொல்கிறது. அந்தப் 'பிறகு' என்ற சொல்லுக்கு அப்பா இறந்த பிறகு என்று மட்டும் பொருளில்லை, அவர் குழந்தையின் காரியங்களில் இல்லாமல் போனாலும் அம்மாதான் பாதுகாவலர் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கஸ்டடி இல்லாதவர் குழந்தையைப் பார்க்கவும் கூட்டிப்போகவும் இருக்கிற உரிமை. கோர்ட்டில் எல்லாரும் விசிட்டேஷன் என்பார்கள். இந்தப் பக்கத்தில் சந்திப்பு என்று எழுதுகிறேன்.

2. அஞ்சு வயசு வரைக்கும்தான் அம்மாகிட்டன்னு சொல்றாங்களே. பாப்பாவுக்கு மார்ச்ல அஞ்சு முடியுது. பயமா இருக்கு.

இதைக் கேட்டு எத்தனையோ அம்மாக்கள் தூக்கமில்லாத முகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. 13ஆம் பிரிவுப்படி எந்த வயதிலும் குழந்தையின் நலன்தான் முதலில் பார்க்கப்படும். பாப்பா உங்களிடம் நன்றாக இருந்தால், பிறந்தநாள் மட்டும் எதையும் மாற்றாது.

3. விவாகரத்து ஆயிடுச்சுன்னு பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? சின்னப் பையன், ரெண்டாவதுதான் படிக்கிறான்.

முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். ஒரே அறையில் இருக்க முடியாத நிலை என்றால், என்ன சொல்லப் போகிறோம் என்பதையாவது முன்பே பேசி ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். 'அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார்' என்று சமாளிக்காதீர்கள். பள்ளியிலோ கல்யாண வீட்டிலோ யாராவது ஒருநாள் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு நீங்களும் பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். 'அப்பாவும் அம்மாவும் இனிமேல் தனித்தனி வீட்டில் இருக்கப் போகிறோம், உனக்கு இரண்டு பேரும் எப்போதும் உண்டு' என்பது இரண்டாம் வகுப்புப் பையனுக்குப் போதும். அவன் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. எங்கே தூங்குவேன், அதே பள்ளிதானா, அப்பாவை எந்தக் கிழமை பார்ப்பேன், என் சைக்கிள் எந்த வீட்டில் இருக்கும். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லுங்கள்.

அப்புறம், 'இது உன்னால் நடந்ததில்லை' என்பதை அவன் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பையன் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறான். அவன் கத்தரிக்காய் வேண்டாமென்று தட்டைத் தள்ளிய இரவில்தான் வீட்டில் பெரிய சண்டை, அப்பா கிளம்பிப் போனார். அன்றிலிருந்து எட்டு மாதம், போட்டதையெல்லாம் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டிருக்கிறான். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷமாக என்னிடம் சொன்னார். தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது, 'இப்ப நான் கத்தரிக்காய் சாப்பிடறேன், அப்பாகிட்ட சொல்றீங்களா ஆன்ட்டி?' என்றான்.

ஒருமுறை சொன்னால் முடிகிற விஷயமும் இல்லை இது. ஆறு வயதில் கேட்டதையே ஒன்பதில் வேறு மாதிரி கேட்பான், பதின்மூன்றில் கோபமாகக் கேட்பான். அந்தந்த வயதுக்குத் தாங்குகிற அளவு சொல்லுங்கள்.

4. அவர்கிட்ட நேரா பேசவே பிடிக்கலை. பொண்ணுகிட்டயே சொல்லி அனுப்பினா என்ன?

தயவுசெய்து வேண்டாம். 'டெர்ம் ஃபீஸ் கட்டச் சொல்லு உங்கப்பாகிட்ட' என்று நீங்கள் சொல்லி அனுப்புவது ஒரு வரி. அதை அப்பாவிடம் சொல்லும்போது அவர் முகம் மாறுவதைப் பார்ப்பது அவள். திரும்பி வந்து 'என்ன சொன்னார்?' என்று நீங்கள் கேட்கும்போது எதைச் சொன்னால் அம்மா அழாமல் இருப்பாள் என்று யோசிப்பதும் அவள்தான். இரண்டு வீட்டுக்கும் ஏற்ற மாதிரி பேசப் பழகிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 'கெட்டிக்காரி' என்று சொல்வார்கள். எனக்கு வயிறு எரியும்.

குழந்தை விஷயத்துக்கென்று ஒரு மின்னஞ்சலோ தனி வாட்ஸ்அப் உரையாடலோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கு எதுவும் அதில் வரக் கூடாது. 'சனி காலை 10, கீழ் கேட். இருமல் மருந்து பையின் முன்பக்கத்தில், இரவு 5 மி.லி. திங்கள் கணக்குத் தேர்வு' என்ற அளவுக்கு எழுதினால் போதும், வணக்கம்கூட வேண்டாம். பின்னால் கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தாலும் இப்படிப்பட்ட செய்திகள்தான் உங்களுக்குத் துணை நிற்கும்.

5. தினமும் போன் பண்றேன். பையன் 'ம்' 'ம்'னு சொல்லிட்டு வெச்சிடறான். அவ சொல்லிக் கொடுத்துத்தான் இப்படிப் பண்றானா?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் போனில் பேசத் தெரியாது. 'சாப்பிட்டியா, படிச்சியா, என்ன பண்றே' என்ற மூன்று கேள்விக்கும் 'ம்' தவிர வேறு பதிலும் இல்லை. கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஏதாவது செய்யுங்கள். ஒரு அப்பா வாரம் இரண்டு நாள் வீடியோ காலில் கதைப் புத்தகம் வாசிப்பார், ஒரு நாளைக்கு நாலு பக்கம், சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிடுவார். மூன்றாவது வாரம் பையனே அம்மா போனை எடுத்து அழைத்தான். இன்னொருவர் மகளோடு திரையில் ஆடுபுலி ஆட்டம் ஆடினார், இரண்டு பக்கமும் காகிதத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு.

தினமும் கூப்பிடுவதைவிட செவ்வாய், வெள்ளி இரவு ஏழரைக்கு என்று நேரம் வைப்பது நல்லது. டியூஷன் நேரத்திலும் தூங்கப்போகும் நேரத்திலும் வரும் அழைப்பு யாருக்குமே பாரம்தான். குழந்தையோடு இருப்பவருக்கும் ஒரு வார்த்தை: அந்த நேரத்தில் போனில் சார்ஜ் இருக்கட்டும், ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்காராதீர்கள். கஸ்டடி இல்லாதவருக்கு நேர்ச் சந்திப்போடு போன், வீடியோ கால் வழியான தொடர்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் உத்தரவில் அழைப்பு பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லி மனு போடலாம்.

6. பிள்ளை பேசறதை ரெகார்ட் பண்ணி வெச்சுக்கட்டுமா? கோர்ட்ல காட்டலாமில்ல?

'அம்மா உன்னை அடிப்பாளா? சத்தமா சொல்லு' என்று கேட்டு எடுத்த பதிவுகளை நிறைய கேட்டிருக்கிறேன். குழந்தை சொல்வதைவிடக் கேட்பவரின் குரல்தான் அதில் ஓங்கிக் கேட்கும். அப்படியொரு பதிவு வைத்தவருக்கே எதிராகத் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே பயப்படும்படி ஏதாவது இருந்தால் 17ஆம் கேள்விக்குப் போங்கள்.

7. ஜீவனாம்சம் ஆறு மாசமா தரலை. காசு தராதவருக்குப் பிள்ளையை எதுக்கு அனுப்பணும்?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கு வளையலை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் கோர்ட் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். பணம் வரவில்லை என்றால் அதை வசூலிக்க மனு உண்டு, சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். அனுப்பாமல் நிறுத்தினால் உத்தரவை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள், பாக்கி வைத்தவர் வாதி ஆகிவிடுவார். மறுபக்கமும் இதுவே சட்டம்: பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக ஜீவனாம்சத்தை நிறுத்த முடியாது. அந்தப் பணத்தில்தான் பிள்ளை சாப்பிடுகிறது.

8. மியூச்சுவல்ல கையெழுத்துப் போட்டு மூணு வருஷம் ஆச்சு. 'மாசம் ஒரு தடவை பார்த்தா போதும்'னு நானே எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே மாத்தவே முடியாதா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விவாகரத்துத் தீர்ப்பு முடிந்த முடிவு, கஸ்டடி உத்தரவு அப்படியில்லை. இதைச் சொன்ன முக்கியமான வழக்கு நம் சென்னையிலிருந்து போனதுதான். 1973இல் ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம், கஸ்டடி உத்தரவுகள் அவற்றின் இயல்பிலேயே தற்காலிகமானவை, காலமும் சூழ்நிலையும் மாறினால் குழந்தையின் நலனுக்காக அவற்றையும் மாற்றலாம், இரண்டு பேரும் சம்மதித்துப் பெற்ற உத்தரவுக்கும் இது பொருந்தும் என்று சொன்னது. 2010இல் விக்ரம் வீர் வோஹ்ரா வழக்கிலும், பரஸ்பர சம்மத விவாகரத்துக்குப் பிறகு அதையே உறுதிப்படுத்தியது. இந்து திருமணச் சட்டம் 1955இன் 26ஆம் பிரிவிலேயே, கஸ்டடி, பராமரிப்பு, படிப்பு பற்றிய உத்தரவுகளை அவ்வப்போது மாற்றவும் நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது.

மேல்முறையீட்டையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அன்று கொடுத்த தீர்ப்பே தவறு என்பது மேல்முறையீடு. குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பு என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், சம்மதத் தீர்ப்புக்கு அந்த வழியும் கிடையாது. 'அன்று சரி, இன்று நிலைமை மாறிவிட்டது' என்பதுதான் மாற்றம் கேட்கும் மனு. அதற்கு அப்படி நாள் கணக்கு இல்லை, பிள்ளைக்கு 18 ஆகும் வரை கேட்கலாம்.

9. சும்மா கேட்டா மாத்துவாங்களா? என்ன காரணம் சொல்லணும்?

உங்களுக்கு என்ன மாறியது என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைக்கு என்ன மாறியது என்று ஆரம்பியுங்கள். மூன்று வயதில் போட்ட உத்தரவு பத்து வயதுக்குப் பொருந்தாது. கோர்ட் வளாகத்தில் இரண்டு மணி நேரம் என்பது கைக்குழந்தைக்குப் போதும். பத்து வயதுப் பையனுக்கு அப்பாவோடு ஒரு முழு நாள் வேண்டும், கோடை விடுமுறையில் பாதியாவது வேண்டும். இடமாற்றம், புதுப் பள்ளி, குழந்தைக்கோ பெற்றவருக்கோ நீண்ட நோய், வைத்துக்கொண்டிருப்பவர் கவனிக்காதது, சந்திப்பைத் திரும்பத் திரும்பத் தடுப்பது எல்லாம் ஏற்கிற காரணங்கள். 'எனக்கு இப்போது சம்பளம் கூடிவிட்டது' என்பது மட்டும் போதாது. பணம் அதிகம் உள்ளவரிடம்தான் பிள்ளை நலமாக இருக்கும் என்று கோர்ட் எடுத்துக்கொள்வதில்லை.

கேட்பதைத் திட்டமாகக் கேளுங்கள். 'அதிக நேரம் வேண்டும்' என்று எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் புரியாது. இரண்டாவது, நான்காவது சனி காலை 10 முதல் ஞாயிறு மாலை 5 வரை, காலாண்டு விடுமுறையில் முதல் பாதி, தீபாவளி ஓராண்டு இங்கே மறு ஆண்டு அங்கே, பொங்கல் அதற்கு எதிர்மாறாக, யார் கொண்டுவந்து விடுவது, யார் திரும்பக் கூட்டிப்போவது, குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் மாற்று நாள் எது. இப்படி எழுதிக் கொடுத்தவர்களின் உத்தரவுகளில் பின்னால் சண்டை குறைவு.

10. தீர்ப்பு சென்னையில. பிள்ளையும் நானும் இப்ப சேலம். எங்க போய் மனு போடறது?

இரண்டு வழி. விவாகரத்து வழக்கிலேயே கஸ்டடி உத்தரவு இருந்தால் அதே கோர்ட்டில், அதே வழக்கில் 26ஆம் பிரிவின் கீழ் மனு. இல்லையென்றால் 1890ஆம் ஆண்டு காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் தனி வழக்கு. நம் கோர்ட்டுகளில் 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்பார்கள். அது குழந்தை வழக்கமாக வசிக்கிற ஊர் கோர்ட்டில்தான் போக வேண்டும். வழக்கமாக வசிப்பது என்றால் பள்ளி, வீடு, அன்றாட வாழ்க்கை இருக்கிற இடம். வழக்குக்காகப் போன மாதம் தூக்கிக்கொண்டு போன ஊர் அந்தக் கணக்கில் வராது. குடும்பநல நீதிமன்றம் இல்லாத ஊர் என்றால் மாவட்ட நீதிமன்றம். உங்கள் விஷயத்தில் எந்த வழி நல்லது என்பதைத் தீர்ப்பு நகலோடு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

11. நாங்க ரெண்டு பேருமே பேசி மாத்திக்கிட்டோம். எதுக்கு மறுபடியும் கோர்ட்டு?

இந்த ஞாயிறுக்குப் பதில் அடுத்த ஞாயிறு என்பதற்கெல்லாம் கோர்ட் வேண்டாம், ஒரு செய்தி போட்டுக்கொண்டால் போதும். பிள்ளை இருக்கும் வீடே மாறுகிறது, சந்திப்பு நாள் நிரந்தரமாக மாறுகிறது என்றால் கூட்டு மெமோ ஒன்று தாக்கல் செய்து உத்தரவாக்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் இரண்டு வருடம் நன்றாக ஓடும். ஒருநாள் மனஸ்தாபம் வரும், பழைய உத்தரவை எடுத்து நீட்டுவார்கள். கோர்ட்டைப் பொறுத்தவரை அதுதான் இன்னும் நடப்பில் இருக்கிறது.

12. வக்கீலுக்குக் குடுக்கக் காசில்லை மேடம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள உரிமை அது. ஆண்களுக்கு வருமான வரம்பு போன்ற தகுதிகள் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசவும் முடியும். பல பேர் தமிழிலேயே பேசித் தங்கள் காரியத்தை முடித்திருக்கிறார்கள்.

13. பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. அப்பாகிட்ட போக மாட்டேன்னு அழறா. கட்டாயப்படுத்தணுமா?

1890 சட்டத்தின் 17ஆம் பிரிவு, விவரமாகத் தன் விருப்பத்தைச் சொல்லும் வயதுள்ள குழந்தையின் விருப்பத்தைக் கோர்ட் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. இத்தனை வயது என்று எண் எதுவும் போடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் சொல்வதை நீதிபதி கட்டாயம் கேட்பார், பெரும்பாலும் சேம்பரில் தனியாக உட்காரவைத்து. கேட்பார் என்றால் அப்படியே செய்துவிடுவார் என்று பொருளில்லை. அது அவளுடைய சொந்த வார்த்தையா, வீட்டில் கேட்டுக் கேட்டு ஊறிய வார்த்தையா என்று பார்ப்பார். பிள்ளை மனதில் மற்றவர் மேல் வெறுப்பை வளர்ப்பது அந்தப் பிள்ளைக்கே கேடு என்று 2017இல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே எழுதியது.

ஆகவே முதலில் ஏன் என்று கண்டுபிடியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் காரணம் பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. அப்பா இருந்தது ஒற்றை அறை வீடு. அவள் அப்போதுதான் வயதுக்கு வந்திருந்தாள், உடை மாற்ற இடமில்லை, அப்பாவிடம் சொல்லக் கூச்சம். அம்மா பக்கம் 'பயப்படுகிறாள்' என்றார்கள், அப்பா பக்கம் 'அம்மா தூண்டிவிடுகிறாள்' என்றார்கள். கடைசியில் இரவு தங்குவதை நிறுத்திப் பகல் சந்திப்பாக மாற்றினோம். அத்தை வீட்டில் வைத்துச் சந்தித்தார்கள். அழுகை நின்றது.

காரணம் தெரியும் வரை நீங்களாகச் சந்திப்பை நிறுத்திவிடாதீர்கள். ஒரு மணி நேரமாகக் குறைக்கலாமா, ஆலோசகர் முன்னிலையில் வைக்கலாமா என்று கோர்ட்டில் கேளுங்கள்.

14. நான் மறுகல்யாணம் பண்ணிக்கப் போறேன். கஸ்டடி போயிடுமா?

மறுமணம் ஒன்றை மட்டும் வைத்துப் போகாது. புது வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். மற்றவருக்கு ஊரார் வாயிலாகத் தெரியவிடாமல் நீங்களே ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். பிள்ளையிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முன் சொல்லுங்கள். 'இனிமேல் இவரைத்தான் அப்பான்னு கூப்பிடணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மாமா என்றோ பெயரோடு சேர்த்தோ கூப்பிடட்டும். அப்பா என்ற சொல்லை யாருக்குத் தருவது என்பதைப் பிள்ளையே தன் நேரத்தில் முடிவு செய்யும்.

15. துபாய்ல வேலை கிடைச்சிருக்கு. பிள்ளையைக் கூட்டிட்டுப் போக அவர் சம்மதிக்கணுமா?

அவருக்குச் சந்திப்பு உரிமை இருக்கிறது என்றால் சொல்லாமல் போகக் கூடாது. அவர் எழுத்தில் சம்மதித்தால் அதைக் கோர்ட்டில் பதிவு செய்யுங்கள், மறுத்தால் அனுமதி கேட்டு மனு போடுங்கள். 8ஆம் பதிலில் சொன்ன 2010ஆம் ஆண்டு வழக்கு இதே பிரச்சினைதான். அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. நீதிபதிகள் பையனிடமே பேசிப் பார்த்துவிட்டு அம்மாவோடு போக அனுமதித்தார்கள், அப்பா தொடர்ந்து பார்ப்பதற்கும் வழி செய்தார்கள். பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக இரண்டு பேரின் சம்மத உறுதிமொழி வேண்டும். ஒருவர் தர மறுத்தால் அதற்கென்று தனி உறுதிமொழிப் படிவம் இருக்கிறது, கஸ்டடி உத்தரவின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் வேலை, சம்பளத்தோடு மற்றவருக்கு என்ன மிச்சம் வைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எந்த விடுமுறையில் ஊருக்கு வருவது, டிக்கெட் யார் எடுப்பது, எத்தனை மணிக்கு வீடியோ கால். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், நம் இரவு ஒன்பது அங்கே ஏழரை. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால், அதே ஒன்பதுக்கு அங்கே இரவு பதினொன்றரை ஆகிவிடும்.

மறுபக்கத்தில் இருப்பவரின் பயமும் நியாயமானது. குழந்தைகளை நாடு விட்டு நாடு கடத்திக்கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர எளிய வழி இல்லை. போவதற்கு முன்பே நிபந்தனைகளோடு உத்தரவு வாங்கிக்கொள்வதுதான் இருவருக்கும் பாதுகாப்பு.

16. லீவுக்குக் கூட்டிட்டுப் போனவர் திருப்பி அனுப்பலை. ஸ்டேஷன்ல 'சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க'ங்கறாங்க.

புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அன்றே வக்கீலைப் பாருங்கள். உத்தரவைப் போட்ட கோர்ட்டில் நிறைவேற்று மனு போடலாம், வேண்டுமென்றே மீறியிருந்தால் நீதிமன்ற அவமதிப்பும் உண்டு. பிள்ளை எங்கே என்றே தெரியவில்லை, சட்ட உரிமை இல்லாதவர் பிடித்துவைத்திருக்கிறார் என்றால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. கஸ்டடி வழக்குகளிலும் அந்த மனு செல்லும் என்று 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளையின் நலன் பற்றி விரிவாக விசாரிக்க வேண்டியிருந்தால் குடும்பநல நீதிமன்றத்துக்கே போகச் சொல்வார்கள். ஆள் திரட்டிக்கொண்டு போய்த் தூக்கி வர மட்டும் நினைக்காதீர்கள். அந்த வாசல் சண்டையை உங்கள் பிள்ளை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

17. அவர் குடிச்சிட்டு வந்துதான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறார். அனுப்பவே பயமா இருக்கு.

குடித்துவிட்டு வண்டியோடு வந்து நிற்கிறார் என்றால் அன்று அனுப்ப வேண்டாம். ஏன் அனுப்பவில்லை என்று அப்போதே அவருக்கு எழுதிவிடுங்கள், அடுத்த வேலை நாளே மனு போடுங்கள். 7ஆம் பதிலில் சொன்னது பணத் தகராறுக்கு, பிள்ளையின் உயிர் பற்றியதற்கு அது பொருந்தாது. சந்திப்பைக் கண்காணிப்போடு வைக்கச் சொல்லலாம். சென்னைக் குடும்பநல நீதிமன்ற வளாகத்தில் இதற்கென்று குழந்தைகள் மையம் இருக்கிறது. வேறு ஊர்களில் உறவினர் ஒருவர் முன்னிலையில், கோயில், பூங்கா போன்ற பொது இடத்தில் என்றெல்லாம் உத்தரவு கேட்கலாம்.

அடி, பாலியல் சீண்டல் என்ற சந்தேகம் இருந்தால் கஸ்டடி மனுவுக்குக் காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவிலும் எடுப்பார்கள். போக்சோ சட்டப்படி பாலியல் சீண்டல் பற்றித் தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது தானாகச் சொன்னதை அதே வார்த்தைகளில் தேதியோடு எழுதி வையுங்கள். வழக்கில் ஜெயிப்பதற்காக இப்படியொரு புகாரைப் புனைந்தவர்களையும் நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் மருத்துவப் பரிசோதனைக்குப் போய்வந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. செய்யாதீர்கள்.

18. தாத்தா பாட்டி நாங்க. பேரனைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. எங்களுக்கு உரிமை இருக்கா?

பெற்றவருக்கு இருப்பது போல நேரடியாக எழுதிவைத்த உரிமை இல்லை. ஆனால் பேரனின் நலனுக்கு நீங்கள் தேவை என்று காட்டிச் சந்திப்பு கேட்கலாம். அதைவிட எளிது, உங்கள் மகனோ மகளோ சந்திக்கும் நேரத்தில் நீங்களும் இருப்பது. போனால் முறுக்கு கொடுங்கள், கதை சொல்லுங்கள், மருமகளைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ ஒரு வார்த்தை வேண்டாம்.

19. நாங்க முஸ்லிம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். ஹனஃபி முறைப்படி மகன் 7 வயது வரையும் மகள் பருவமடையும் வரையும் அம்மாவிடம் இருக்கலாம். ஆனால் வழக்கென்று வந்தால் 1890 சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொதுவானது, குழந்தையின் நலனைப் பார்த்துத்தான் முடிவு. கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும் குழந்தைகள் பற்றிய உத்தரவுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. 8ஆம் பதிலில் சொன்ன மாற்றும் அதிகாரம் எல்லாருக்கும் உண்டு, ரோஸி ஜேக்கப் குடும்பமே கிறித்தவக் குடும்பம்தான்.

20. ஆறு வருஷமா நான் போய்ப் பார்க்கவே இல்லை. தப்புதான். இப்ப கேட்டா கோர்ட் விடுமா? பையன் என்னை ஏத்துக்குவானா?

கோர்ட் கேட்கும், 'இத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள்' என்று. மழுப்பாமல் சொல்லுங்கள். முதல் மனுவிலேயே வாரயிறுதி முழுக்கக் கேட்காதீர்கள். மாதம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், யாராவது முன்னிலையில் என்று ஆரம்பித்து, ஆறு மாதம் கழித்துக் கூட்டலாம் என்று படிப்படியாகக் கேட்டால் அம்மா பக்கமும் எதிர்ப்பு குறையும். சந்திப்புக்கு முன் இரண்டு மூன்று கடிதம் எழுதுங்கள், கையால். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள்.

ஏற்றுக்கொள்வானா என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் இப்படித்தான் ஆறு வருடம் கழித்துக் குழந்தைகள் மையத்துக்கு வந்தார். கையில் பேட்டரி கார், பெட்டியோடு. அவர் மனதில் பையனுக்கு இன்னும் ஐந்து வயதுதான். உள்ளே வந்தது அவர் தோளுயரம் வளர்ந்த பையன், மீசை அரும்புகிற முகம். இவர் காரைப் பின்னால் மறைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பையன், 'அது என்ன?' என்றான். இவர் காட்டினார். அவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எட்டு வயசு வரைக்கும்னு போட்டிருக்கு' என்றான். 'தெரியலைப்பா' என்றார் இவர். 'எனக்கு இப்ப சதுரங்கம்தான் பிடிக்கும்' என்றான் பையன்.

அடுத்த சந்திப்புக்கு அவர் பலகையோடு வந்தார், காய்களை எப்படி அடுக்குவது என்று வாசலில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு.